சுழற்சிப் பொருளாதாரம்: பொருள் திரும்பி வருகிறது, வாங்கி வைக்க ஆள் எங்கே?

பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகக் காலை ஆறரை மணிக்கு நின்றால் இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம்.

முதலாவது கம்பெனி பஸ்கள். மறைமலை நகர், ஒரகடம், மஹிந்திரா சிட்டி என்று முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகின்றன. உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

இரண்டாவது மீன்பாடி வண்டிகளும் குட்டி யானைகளும். பழைய அட்டைப்பெட்டி, இரும்பு, உடைந்த பிளாஸ்டிக் குடம், காலி பாட்டில் என்று மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு காயலான் கடைகளை நோக்கிப் போகின்றன.

பஸ்ஸில் போகிறவர்கள் பொருளைச் செய்கிறார்கள். மீன்பாடி வண்டியில் போகிறவர்கள் அந்தப் பொருளின் மிச்சத்தைத் திருப்பி எடுத்து வருகிறார்கள். பஸ்ஸில் இருப்பவருக்கு அடையாள அட்டை, ஷிப்ட் நேரம், பி.எஃப்., ஏதாவது பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரு எச்.ஆர். அறை உண்டு. மீன்பாடி வண்டிக்காரருக்கு இவற்றில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது.

சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம், சுருக்கமாகச் சொன்னால், இந்த இரண்டு வண்டிகளையும் ஒரே கம்பெனியின் வாசலுக்குக் கொண்டுவருவதுதான். செய்து, விற்று, கைகழுவிவிடும் பழக்கத்தை விட்டு, விற்ற பொருளையே திரும்ப வாங்கி, பழுது பார்த்து, பிரித்து, மறுபடியும் பயன்படுத்துவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் பொருள் யார் கையில் வந்து விழுகிறது? அந்தக் கை யாருடையது? அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத கம்பெனியில் சுழற்சி என்பது ஆண்டறிக்கையின் அட்டைப் படத்தில் மட்டும்தான் இருக்கும்.

பழைய சரக்கு, புதுப் பெயர்

இது ஒன்றும் வெளிநாட்டிலிருந்து இறங்கிய புதுத் தத்துவம் அல்ல. கோலி சோடா விற்ற பெட்டிக்கடையை நினைத்துப் பாருங்கள். குடித்து முடித்ததும் பாட்டிலைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர் அதைப் பெட்டியில் அடுக்கி வைப்பார். சோடா போட வருகிற ஆள் நிரம்பிய பெட்டியை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்.

சமையல் கேஸ் சிலிண்டரும் அப்படியே. காலி சிலிண்டரைக் கொடுக்காமல் புது சிலிண்டர் கிடைக்காது. மாடி ஏறி நிரம்பியதை வைக்கும் அதே ஆள்தான் காலியானதைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காலியானதைத் திருப்பி எடுப்பது சோடாக்காரருக்கோ சிலிண்டர் போடுபவருக்கோ பின்னால் தலையில் கட்டப்பட்ட 'கூடுதல் பொறுப்பு' அல்ல. அவர்கள் வேலையின் பாதியே அதுதான். வண்டியில் இடம், போய்வரும் நேரம், கணக்கு நோட்டு எல்லாமே காலியையும் சேர்த்துத்தான் திட்டமிடப்பட்டன. அதனால்தான் யாரும் பெரிதாகப் பேசாமலே அந்தச் சுழற்சி இத்தனை வருடம் ஓடியது.

இன்று சுழற்சிக்கு மாற முயலும் கம்பெனிகளின் நிலைமை வேறு. அவை ஒரு வழிப் பாதைக்காகவே கட்டப்பட்டவை. ஆட்களை எடுத்தது, பயிற்சி கொடுத்தது, போனஸ் நிர்ணயித்தது எல்லாம் 'வெளியே அனுப்பு' என்ற ஒரே வேலைக்காக. இப்போது சட்டம் அவர்களைத் திருப்பி எடுக்கச் சொல்கிறது. பிளாஸ்டிக் உறைகளுக்கு 2022 பிப்ரவரியில் வழிகாட்டு விதிகள் வந்தன. பேட்டரிகளுக்கு 2022 ஆகஸ்டில். புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: சந்தைக்கு அனுப்பியவரே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு. தொழில் வட்டாரத்தில் இதை ஈ.பி.ஆர். என்று சொல்கிறார்கள்.

இந்த விதிகள் கம்பெனியிடம் முக்கியமாகக் கேட்பது எத்தனை டன் திரும்பியது என்ற கணக்கை. மின்னணுக் கழிவு விதிகளில் தொழிலாளரின் பயிற்சி, பாதுகாப்பு பற்றியும் பேச்சு இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு மாநில அரசிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனியின் தலையில் இருப்பது டன் கணக்கு. எனவே மேலாளரும் டன்னையே பார்க்கிறார். ஆளைப் பார்க்க அவருக்கு அவசியம் ஏற்படவில்லை.

பம்மலில் நடந்தது

பீர்க்கன்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பம்மல். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பீர்க்கன்கரணைப் பேரூராட்சியும் பம்மல் நகராட்சியும் அதில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் குப்பை விஷயத்தில் பம்மலுக்கு அதைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு.

சென்னையில் 1989ல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் பலருக்கு நினைவிருக்கும். தெருவாசிகள் ஒன்று சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை வேலைக்கு வைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்கச் செய்வதுதான் அதன் வழி. பம்மலில் 1994 வாக்கில் மங்களம் பாலசுப்ரமணியன் என்ற இல்லத்தரசியும் அவரோடு சில பெண்களும் தங்கள் பகுதியில் இதை ஆரம்பித்தார்கள். மக்கும் குப்பை மண்புழு உரமானது. மக்காதது தரம் பிரித்து விற்கப்பட்டது. வேலை மெல்ல மற்ற தெருக்களுக்கும் பரவி, பிறகு நகராட்சியோடு சேர்ந்தும் நடந்தது.

எக்ஸ்னோரா வழியில் மேலாண்மை படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது உரத்தை அல்ல, ஆட்களை நடத்திய விதத்தை. குப்பை எடுப்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', அதாவது தெருவை அழகாக்குபவர். வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். பெயரோடு நின்றிருந்தால் வெறும் பெயர்தான். ஆனால் பெயரோடு மாதச் சம்பளம் வந்தது, வண்டி வந்தது, மறுபயன்பாட்டுப் பொருட்களை விற்றுக் கிடைக்கும் பணத்திலும் பங்கு வந்தது. குப்பையைப் பிரித்தால் தனக்கும் லாபம் என்று தெரிந்தபோது பிரிக்கும் வேலை தானாக நடந்தது.

ஒரு கம்பெனியின் எச்.ஆர். துறை பல லட்சம் செலவு செய்து கண்டுபிடிக்கும் பாடம் இது. திரும்பும் பொருளைக் கையாள்பவருக்கு ஒரு பெயர், ஒரு சம்பளம், ஒரு கருவி, ஒரு பங்கு. நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது.

இதில் குறை இல்லாமல் இல்லை. தெருவாசிகள் மாதப் பணம் கொடுப்பதை நிறுத்தினால் அந்த ஆளின் சம்பளமும் நின்றுபோகும். நல்ல மனதை நம்பி நடந்த ஏற்பாடு அது. நல்ல மனது சோர்ந்துபோகும் நாளில் கஷ்டப்படுவது கடைசியில் நிற்பவர்தான். எனவேதான் இந்த வேலை ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்குள் வர வேண்டும் என்ற வாதம் வலுவாகிறது. சரி, பெரிய நிறுவனம் ஒன்றிடம் இந்த வேலை வந்தபோது என்ன ஆனது?

பத்து ரூபாய் பாட்டில்

தமிழ்நாட்டில் சுழற்சிப் பொருளாதாரத்தின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று எந்த ஐ.டி. பூங்காவிலும் நடக்கவில்லை. டாஸ்மாக் கடைகளில் நடந்தது.

மது வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். டாஸ்மாக் 1983ல் ஆரம்பிக்கப்பட்ட அரசு நிறுவனம். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அதுவே நடத்தி வருகிறது. மலைப் பகுதிகளிலும் காடுகளிலும் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் கால்களைக் கிழிப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்தது. நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு கோவை, பெரம்பலூர் என்று படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

சுற்றுச்சூழல் கோணத்தில் பார்த்தால் திட்டம் வேலை செய்தது. நீலகிரியில் விற்ற பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி திரும்பி வந்தது. காசு என்றால் பாட்டில் தானாக நடந்து வரும் என்பது நிரூபணமானது. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கிக்கொள்வார்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர்களிடமிருந்து அல்ல. கடை ஊழியர்களிடமிருந்து! பல மாவட்டங்களில் ஊழியர் சங்கங்கள் போராடின. அவர்கள் சொன்னது எளிமையானது. விற்பனை வேலையே சரியாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். திரும்பி வருவதை வாங்க வேண்டும், எண்ண வேண்டும், அடுக்க வேண்டும். கடையில் இடம் இல்லை. உடைந்தால் கை கிழிகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை. எங்களை விட்டுவிடுங்கள், இதற்கென்று தனி ஆட்களை வையுங்கள் என்றார்கள்.

இதைக் கேட்டவுடன் 'அரசு ஊழியர்கள் என்றாலே வேலை செய்ய மாட்டார்கள்' என்று சொல்லிவிடுவது சுலபம். நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். முதலில், அந்த ஊழியர்கள் வழக்கமான அரசு ஊதிய விகிதத்தில் இருப்பவர்கள் அல்ல, தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். இரண்டாவது, கோபப்படுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 பாட்டில் விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 900 பாட்டில் திரும்பி வருகிறது. ஒரு பாட்டிலை வாங்கி, ஸ்டிக்கர் சரியா என்று பார்த்து, உள்ளே வைத்து, பத்து ரூபாய் எண்ணிக் கொடுக்க 30 விநாடி ஆகிறது. இது தாராளமான கணக்கு அல்ல. கூட்ட நேரத்தில் 'சில்லறை இல்லை', 'ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே', 'இது எங்க கடையில வாங்கினது இல்ல' என்ற பேச்சுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

900 பாட்டிலுக்கு 30 விநாடி என்றால் 27,000 விநாடி. அதாவது ஏழரை மணி நேரம்.

விற்பனைக்கு முன் 1,000 பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் ஒட்ட ஆளுக்கு ஐந்து விநாடி என்று வைத்தால் இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

அதாவது ஒரு முழு ஆளின் ஒரு முழு நாள்!

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட பிறகு மாநிலத்தில் இருந்த டாஸ்மாக் கடைகள் 4,829. 2025ல் சம்பள உயர்வு அறிவித்தபோது அரசு சொன்ன ஊழியர் எண்ணிக்கை 23,629. வகுத்துப் பார்த்தால் ஒரு கடைக்குச் சராசரியாக ஐந்து பேர்கூட முழுசாக வரவில்லை. அந்த ஐந்து பேரில் வார விடுப்பு, உடம்பு சரியில்லாதவர் எல்லாரும் அடக்கம். அந்தக் கடையில் ஒரு ஆள் வேலை கூடிவிட்டது. ஆள் கூடவில்லை.

திட்டம் போட்டவர்கள் பாட்டிலை எண்ணினார்கள், பத்து ரூபாயை எண்ணினார்கள். மணி நேரத்தை எண்ண மறந்துவிட்டார்கள். ஊழியர்கள் எதிர்த்தது யானையின் காலைக் காப்பாற்றுவதை அல்ல. கணக்கில் வராத அந்த ஒன்பது மணி நேரத்தை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடைகளில் குறித்த விலைக்கு மேல் வாங்குகிறார்கள் என்ற புகார் பொதுமக்களிடம் பல வருடமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இப்போது 'சட்டப்படியான' கூடுதல் பத்து ரூபாய் வந்து சேர்ந்தால் வாடிக்கையாளர் யாரைத் திட்டுவார்? தலைமை அலுவலகத்தையா? கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரைத்தான். ஒரு கொள்கையை விளக்கிச் சொல்லும் வேலையும் சத்தமில்லாமல் அவர் தலையில் ஏறிவிடுகிறது. அதற்கு அவருக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

இயந்திரம் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு வைப்புத்தொகை உண்டு, பெரும்பாலும் 25 சென்ட். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இயந்திரத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது, நிரம்பினால் காலி செய்ய ஆள் குறிக்கப்பட்டது, செலவு கணக்கில் எழுதப்பட்டது. அங்கே முதலில் வந்தது இயந்திரம் அல்ல, 'இது ஒரு வேலை' என்ற ஒப்புதல்.

பிரான்சில் ஒரு கார் தொழிற்சாலை

டாஸ்மாக் ஒரு கடைதானே, பெரிய தொழிற்சாலைகளுக்கு இது பொருந்துமா என்று சந்தேகம் வரலாம். ஒரகடத்தில் கார் செய்யும் ரெனோ கம்பெனியின் சொந்த நாட்டுக் கதை இதற்குப் பதில் சொல்லும்.

பாரிஸ் அருகில் ஃபிளான் என்ற ஊரில் 1952 முதல் ரெனோவின் கார் தொழிற்சாலை இருந்தது. 2020 நவம்பரில் அந்த இடத்தைச் சுழற்சிப் பொருளாதாரத்துக்கான தொழிற்சாலையாக மாற்றப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. புதுக் கார் செய்வதற்குப் பதில் பழைய கார்களைப் புதுப்பிப்பது, பேட்டரிகளைச் சரிசெய்வது, உதிரி பாகங்களை மீட்பது. 2030க்குள் 3,000 பேருக்கு மேல் அங்கே வேலை இருக்கும் என்றும் சொன்னது. பாராட்ட வேண்டிய விஷயம் என்னவென்றால், ஆட்களுக்கான பயிற்சி மையத்தையும் திட்டத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்றுக்குள் வைத்தார்கள். மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பாமல், கார் பூட்டத் தெரிந்தவருக்குக் கார் பிரிக்கக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு அது.

ஆனால் அதே கதையில் கசப்பும் இருக்கிறது. ரெனோவுக்குப் பாரிஸ் பக்கத்திலேயே ஷுவாசி-லெ-ருவா என்ற இடத்தில் பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை 1949 முதல் இருந்தது. சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள். 2020ல் செலவைக் குறைக்கும் திட்டத்தில் அந்த வேலைகளை ஃபிளானுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது அங்கிருந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல வருடம் பழகிய கை ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் எல்லாமே தழைக்கும் என்று சொல்ல முடியாது. வீடு, குழந்தைகளின் பள்ளி, தினசரிப் பயணம் எல்லாம் அதில் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதால் மட்டும் ஒரு மாற்றம் தொழிலாளிக்கும் நல்லதாகிவிடாது.

சுழற்சிப் பொருளாதாரத்தால் 2030க்குள் உலகில் சுமார் 60 லட்சம் வேலைகள் கூடலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் மதிப்பிட்டது. நல்ல செய்திதான். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அவை எப்படிப்பட்ட வேலைகள், பஸ்ஸில் ஏறிப் போகும் வேலையா, மீன்பாடி வண்டி மிதிக்கும் வேலையா என்பதே கேள்வி.

புதுப்பேட்டையின் திறமை

கார் பிரிப்பது என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது புதுப்பேட்டை. ஒரு பழைய வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் எது தேறும், எது தேறாது, எந்த பாகம் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லக்கூடிய கைகள் அங்கே உண்டு. எந்தப் பாலிடெக்னிக்கிலும் இந்தப் பாடம் இல்லை.

பூட்டும் வேலைக்கும் பிரிக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் மேலாளர்களுக்குப் புரிய வேண்டும். அசெம்பிளி லைனில் வரும் ஒவ்வொரு காரும் ஒன்று போலவே இருக்கும். இத்தனை விநாடிக்கு இத்தனை போல்ட் என்று நேரம் குறிக்கலாம். திரும்பி வரும் கார் அப்படி அல்ல. ஒன்று துருப்பிடித்திருக்கும், ஒன்று வெள்ளத்தில் மூழ்கியிருக்கும், ஒன்றில் பாதி பாகங்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்குத் தேவை வேகம் அல்ல, அனுபவம். லைன் வேலையின் அளவுகோலை வைத்துப் பிரிக்கும் வேலையை அளந்தால் நல்ல தொழிலாளி 'மெதுவானவர்' என்று பெயர் வாங்குவார். அவசரத்தில் நல்ல பாகத்தையும் உடைத்துப் போடுபவர் பரிசு வாங்குவார்.

முறையான வாகன உடைப்பு மையங்களுக்கு 2021ல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. மையங்கள் வரட்டும், சுத்தமான தரையும் எண்ணெய் வழியாத குழாய்களும் வரட்டும். ஆனால் அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில் 'டிப்ளமோ கட்டாயம்' என்று போட்டுவிட்டால் புதுப்பேட்டையின் அனுபவம் முழுவதும் வாசலிலேயே நின்றுவிடும். சான்றிதழ் இல்லாதவரின் திறமையைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது எச்.ஆர். துறையின் வேலை. அதைச் செய்யாவிட்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

சுழற்சிக்கு மாறும் எந்த நிறுவனமும், சின்னதோ பெரியதோ, முதல் பாட்டில் திரும்பி வருவதற்கு முன்பே சில விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்.

1. டன்னை எண்ணுவதற்கு முன் மணியை எண்ண வேண்டும். திரும்பும் ஒரு பொருளுக்கு எத்தனை விநாடி, யாருடைய விநாடி என்று எழுத வேண்டும். அந்த நேரம் இருக்கும் ஆட்களால் முடியாது என்றால் ஆள் போட வேண்டும்.

2. 'கூடுதல் பொறுப்பு' என்ற வார்த்தையைக் கைவிட வேண்டும். அது வேலை என்றால் வேலை விவரத்தில் எழுதி, அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

3. போனஸ் விதிகளைத் திருத்த வேண்டும். புதுப் பொருள் விற்றால் மட்டும் ஊக்கத்தொகை என்று வைத்துக்கொண்டு, விற்பனையாளரிடம் 'பழையதைப் பழுது பார்த்துக் கொடு' என்று சொன்னால் அவர் எதைச் செய்வார்?

4. கையுறை, காலணி, தண்ணீர், கை கழுவ இடம். இவை சலுகை அல்ல. உடைந்த கண்ணாடியையும் பேட்டரி அமிலத்தையும் தொடும் வேலைக்கு இவையும் கருவிகள்தான்.

5. வருமானத்தில் பங்கு. திரும்பி வந்த பொருளை விற்றுப் பணம் வருகிறது. யாரும் திருப்பிக் கேட்காத வைப்புத்தொகையும் மிஞ்சுகிறது. அந்தப் பணத்தில் முதல் உரிமை அந்த வேலையைச் செய்பவர்களுக்கு இருக்க வேண்டும்.

6. முதலில் தொழிலாளர்களிடம் பேச வேண்டும். ஒரு கடையில் ஒரு வாரம் நின்று பார்த்திருந்தால் இடம் இல்லை என்பதும் சில்லறை இல்லை என்பதும் அறிவிப்புக்கு முன்பே தெரிந்திருக்கும்.

'இவ்வளவும் செய்தால் செலவு ஏறிவிடும், பிறகு சுழற்சியே லாபம் இல்லாமல் போய்விடும்' என்பார்கள். செலவு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு புதிதாக முளைத்தது அல்ல. இத்தனை நாளும் அது இருந்தது. அதை மீன்பாடி வண்டிக்காரர் முதுகு வலியாகக் கொடுத்தார். கடை ஊழியர் கிழிந்த கையாகக் கொடுத்தார். காட்டில் யானை காலில் கொடுத்தது. கம்பெனியின் கணக்கில் மட்டும் அது வரவில்லை. உற்பத்தியாளரின் பொறுப்பு என்று சட்டம் சொல்லும்போது அந்த வார்த்தைக்குள் இதுவும் அடங்க வேண்டும்.

மேலாண்மை படிக்கும் நண்பர்களில் பலர் இன்னும் சில வருடங்களில் இப்படிப்பட்ட திட்டங்களை எழுதும் நாற்காலியில் உட்காரப் போகிறார்கள். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு ஐ.எஸ்.ஓ. தரங்கள் 2024 மே மாதமே வந்துவிட்டன. இனி அழகான வட்டப் படங்கள் போட்ட ஸ்லைடுகளுக்குப் பஞ்சம் இருக்காது. அந்த வட்டத்தில் வரைந்திருக்கும் ஒவ்வொரு அம்புக்குறியும் ஒரு மனிதரின் முதுகு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நாளை காலையும் ஜி.எஸ்.டி. சாலையில் அந்த இரண்டு வண்டிகளும் போகும். மீன்பாடி வண்டியை மிதிப்பவர் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, அடையாள அட்டையைக் காட்டி, அதே வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு செய்யப் போவாரா? அப்படி நடந்தால்தான் பொருளாதாரம் சுழல ஆரம்பித்துவிட்டது என்று சொல்ல முடியும்.